வெளியே கீறல் இல்லை, உள்ளே கிழிந்த ரத்தக்குழாய்: விபத்தின் ‘ஊமைக்காயம்’ உயிரைப் பறிப்பது எப்படி? டாக்டர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

2014 நவம்பர் 25. ஆஸ்திரேலியாவின் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் உள்நாட்டுப் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. 63 ரன்களுடன் ஆடிக்கொண்டிருந்த பிலிப் ஹியூஸ், எகிறி வந்த பவுன்சரை ஹூக் செய்யப் போனார். பந்து மட்டையில் படவில்லை. தலைக்கவசத்துக்குக் கீழே, இடது காதுக்கு அருகில், கழுத்தில் பட்டது. சில விநாடிகள் குனிந்து நின்றவர், அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு 25 வயது. 26 ஆக இன்னும் மூன்றே நாள்தான் இருந்தது.

பந்து எலும்பை நொறுக்கியதால் அவர் இறக்கவில்லை. கழுத்தின் பின்பக்கமாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அந்த அடியில் கிழிந்து, ரத்தம் மூளையைச் சுற்றிப் பரவியதுதான் காரணம்.

ஹியூஸுக்கு நேர்ந்தது மிக அபூர்வமான ஒன்று. யார் எவ்வளவு வேகமாகச் செயல்பட்டிருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று 2016-ல் விசாரணை அதிகாரி தன் அறிக்கையில் சொன்னார். ஆனால், சாலை விபத்திலும், உயரத்திலிருந்து விழுவதிலும் கழுத்து, நெஞ்சுத் தமனிகளில் அடிபடும் பலருக்கு நிலைமை வேறு. அவர்களுக்குச் சில மணி நேரம், சிலருக்குச் சில நாள் அவகாசம் கிடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த அவகாசத்தில் அவர்கள் எழுந்து உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்”னு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ‘நல்லாத்தான் இருக்கேன்’ எப்போது நிஜம், எப்போது ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

ஊமைக்காயம் என்றால் என்ன?

கத்திக்குத்து, துப்பாக்கிக் குண்டு போன்றவை தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தம் வெளியே வரும். பார்த்தவுடனே ஆபத்து தெரியும்.

ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதுவது, பைக்கிலிருந்து தூக்கி வீசப்படுவது, கட்டட சாரத்திலிருந்து விழுவது எல்லாம் வேறு ரகம். தோல் பெரிதாகக் கிழியாது. ஆனால் மோதலின் விசை உள்ளே போய் உறுப்புகளைத் தாக்கும். இதைத்தான் நம் ஊரில் ஊமைக்காயம், உள்காயம் என்கிறோம்.

இப்படிப்பட்ட அடியில் நுரையீரல், மண்ணீரல், கல்லீரல் பாதிக்கப்படுவது பலருக்கும் தெரியும். ரத்தக்குழாயின் சுவரே கிழியும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதிலும் முக்கியமானவை இரண்டு வகை: நெஞ்சுக்குள் இருக்கும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் ஒன்று, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் நான்கு தமனிகள் இன்னொன்று.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

இதயத்திலிருந்து புறப்படும் முதல் குழாய்தான் பெருந்தமனி. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இதன் வழியாகப் போகிறது. இது முதலில் மேலே ஏறி, குடை கைப்பிடி போல வளைந்து, பிறகு முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்குகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். வளைவுப் பகுதி ஓரளவு அசையக்கூடியது. கீழே இறங்கும் பகுதி முதுகெலும்போடு ஒட்டிப் பிணைக்கப்பட்டிருக்கிறது.

கூட்டமான பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். உடம்பு முன்னே பாய்கிறது. கை மட்டும் கம்பியிலேயே நிற்கிறது. அந்த இழுப்பு முழுவதும் தோள்பட்டையில் விழும், இல்லையா? வேகமாகப் போன கார் சட்டென்று நிற்கும்போது பெருந்தமனிக்கும் அதேதான் நடக்கிறது. வளைவு முன்னே பாயும். இறங்கும் பகுதி அங்கேயே நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில், அதாவது இடது கைக்குப் போகும் கிளை பிரிந்த சற்றுக் கீழே, சுவர் கிழிகிறது. இந்த இடத்தை மருத்துவத்தில் ‘இஸ்த்மஸ்’ என்கிறார்கள்.

இழுப்பு மட்டுமே காரணம் இல்லை. நெஞ்சு நசுங்கும்போது குழாய்க்குள் அழுத்தம் ஒரே நொடியில் எகிறுவதும், மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே குழாய் மாட்டிக்கொள்வதும் சேர்ந்துகொள்ளும். நேருக்கு நேர் மோதல் மட்டுமல்ல, பக்கவாட்டில் வந்து இடிப்பதும் இதே காயத்தை உண்டாக்கலாம்.

உலகமே அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 31 அதிகாலை, பாரிஸ் நகரின் அல்மா சுரங்கப்பாதையில் இளவரசி டயானா சென்ற கார் தூணில் மோதியது. சம்பவ இடத்திலேயே இறந்த ஓட்டுநர் ஹென்றி பால், டோடி ஃபயத் இருவருக்குமே பெருந்தமனி இதே ‘இஸ்த்மஸ்’ பகுதியில் கிழிந்திருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. டயானாவுக்குக் கிழிந்தது நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் ஒரு சிரை. உயிருடன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தும், அதிகாலை 4 மணிக்கு அவர் இறந்தார். மோதும்போது காரில் இருந்த நால்வரில் ஒருவர்கூட சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது பின்னர் நடந்த பிரிட்டன் போலீஸ் விசாரணை.

அப்படியென்றால் எல்லாரும் உடனே இறந்துவிடுவார்களா?

பெருந்தமனி கிழிந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் மருத்துவமனைக்கு வருவதற்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள் என்பது பல ஆண்டுகளாக மருத்துவ உலகம் சொல்லிவரும் கணக்கு. மீதிப் பேர் பிழைத்து வருவது எப்படி?

தமனியின் சுவர் ஒற்றைத் தாள் அல்ல. மூன்று அடுக்கு. உள் அடுக்கும் நடு அடுக்கும் கிழிந்தாலும், வெளி அடுக்கும் அதைச் சுற்றியுள்ள திசுக்களும் சில நேரம் தாக்குப்பிடிக்கும். ரத்தம் அந்த மெல்லிய அடுக்கைத் தள்ளிக்கொண்டு பலூன் மாதிரி பிதுங்கி நிற்கும். தேய்ந்துபோன டயரில் டியூப் பிதுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். எப்போது வெடிக்கும் என்று மட்டும் தெரியாது.

இதைக் காயத்தின் அளவை வைத்து நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள்:

- முதல் நிலை: உள் அடுக்கில் மட்டும் சிறு கிழிசல்.
- இரண்டாம் நிலை: சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் தேங்குதல்.
- மூன்றாம் நிலை: வெளி அடுக்கு மட்டும் தாங்க, ரத்தம் பலூன் போலப் பிதுங்குதல்.
- நான்காம் நிலை: சுவர் முழுவதும் கிழிந்து ரத்தம் நெஞ்சுக்குள் கொட்டுதல்.

முதல் மூன்று நிலையில் இருப்பவர் பேசலாம், நடக்கக்கூடச் செய்யலாம். நெஞ்சிலோ இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகிலோ வலி, குரல் திடீரெனக் கரகரப்பாதல், விழுங்கச் சிரமம், ஒரு கையில் பி.பி. அதிகமாகவும் மறு கையில் குறைவாகவும் இருப்பது போன்றவை அறிகுறிகள். ஆனால், எந்த அறிகுறியும் இல்லாதவர்களும் உண்டு. விலா எலும்பு உடைந்த வலியில் இந்த வலி மறைந்துபோவதும் உண்டு.

பெருந்தமனியிலிருந்து பிரியும் கிளைகளும் தப்புவதில்லை. கழுத்துப்பட்டை எலும்போ முதல் விலா எலும்போ உடைந்தவருக்குக் கைக்குப் போகும் தமனி பாதிக்கப்படலாம். அந்தக் கையில் நாடித்துடிப்பு குறைந்து, கை சில்லிட்டுப்போவது எச்சரிக்கை மணி.

கழுத்தில் அடிபட்டால் மூளை ஏன் பாதிக்கப்படுகிறது?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோவது நான்கு குழாய்கள். கழுத்தின் முன்பக்கம் இருபுறமும் இரண்டு கரோட்டிட் தமனிகள். கழுத்தில் விரல் வைத்தால் துடிப்பது இதுதான். பின்பக்கம், கழுத்தெலும்புகளில் உள்ள சிறு துளைகளுக்குள் நுழைந்து மேலே ஏறும் இரண்டு வெர்டிப்ரல் தமனிகள்.

விபத்தில் தலை பின்னால் வேகமாகச் சாய்ந்து திரும்பினால், கரோட்டிட் தமனி கழுத்தெலும்பின் மேல் இழுபட்டு உள் அடுக்கு கிழியலாம். கழுத்தெலும்பு உடைந்தால் அதன் துளைக்குள் போகும் வெர்டிப்ரல் தமனி நசுங்கலாம். பைக் சக்கரத்தில் துப்பட்டா சிக்கிக் கழுத்து இறுகுவது, தூக்கில் தொங்கிக் காப்பாற்றப்படுவது, சீட் பெல்ட் கழுத்தில் உரசி அழுத்துவது போன்றவையும் இதே காயத்தைக் கொண்டுவரலாம்.

நெஞ்சில் பயம் குழாய் வெடிப்பது. கழுத்தில் பெரும்பாலும் பயம் வேறு. கிழிந்த உள் அடுக்கு சொரசொரப்பாகிறது. அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி பெரிதாகிக் குழாயை அடைக்கலாம். அல்லது அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போய் அங்கே அடைக்கலாம். அதுதான் ஸ்ட்ரோக், பக்கவாதம்.

கட்டி உருவாக நேரம் எடுக்கும். அதனால்தான் விபத்து நடந்த உடனே எதுவும் தெரியாமல், பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் ஸ்ட்ரோக் வருகிறது. சிலருக்கு அதற்கும் பிறகு. “நேத்து சாயங்காலம் வண்டியிலிருந்து விழுந்தான், ராத்திரி சாப்பிட்டுத் தூங்கினான், காலையில பாத்தா வாய் கோணிப்போச்சு” என்று உறவினர்கள் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

பலமான ஊமைக்காயத்துடன் மருத்துவமனையில் சேருபவர்களில் சுமார் 1 முதல் 3 சதவீதம் பேருக்குக் கழுத்துத் தமனியில் காயம் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணிக்கை சிறியது போலத் தெரியும். ஆனால் இவர்களில் பலர் இளைஞர்கள். தடுக்கக்கூடிய பக்கவாதம் இது.

டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் பார்ப்பது மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். கூடவே படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது நார்மலாக வந்தால் பெருந்தமனியும் நார்மல் என்று அர்த்தம் இல்லை.

அடுத்து நெஞ்சு எக்ஸ்ரே. இரு நுரையீரல்களுக்கு நடுவே உள்ள நிழல் 8 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருப்பது, பெருந்தமனி வளைவின் விளிம்பு மங்கிப்போவது, மூச்சுக்குழாய் வலப்பக்கம் தள்ளப்பட்டிருப்பது போன்றவை சந்தேகத்தைக் கிளப்பும். ஆனால் எக்ஸ்ரே சரியாக இருந்தும் உள்ளே கிழிசல் இருந்த நோயாளிகள் உண்டு. ‘எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல’ என்பது முடிவான பதில் அல்ல.

முடிவான பதில் தருவது சி.டி. ஆஞ்சியோ. கை நரம்பில் ஊசி வழியாக ஒரு மருந்தைச் செலுத்தி, அது தமனிகளில் ஓடும்போது சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். குழாயின் உள்சுவர் வரை தெளிவாகத் தெரியும். படம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும்.

ஒரு காலத்தில் இதற்குத் தொடை வழியாக நீளமான குழாயைச் செலுத்திப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பெருந்தமனிக் காயங்கள் பற்றி அமெரிக்க விபத்துக்காய அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 1997-லும், பத்தாண்டுகள் கழித்து 2008-லும் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் இந்த மாற்றத்தைக் காட்டுகின்றன. முதல் ஆய்வில் 87 சதவீதம் பேருக்குப் பழைய முறை ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது. இரண்டாவது ஆய்வில் அது சுமார் 8 சதவீதமாகக் குறைந்தது. 93 சதவீதம் பேருக்கு சி.டி.யே போதுமானதாக இருந்தது.

ரத்த அழுத்தம் சரிந்து, ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோக முடியாதவருக்கு, உணவுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் எக்கோ பரிசோதனை உதவும்.

அடிபட்ட எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டுமா?

வேண்டாம். கதிர்வீச்சு, செலவு, சிறுநீரகத்துக்குச் சுமை என்று அதற்கும் ஒரு விலை உண்டு. அதனால் யாருக்குக் கழுத்துத் தமனி ஸ்கேன் அவசியம் என்று டாக்டர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் உருவாக்கியதால் அதற்கு ‘டென்வர் அளவுகோல்’ என்று பெயர். அதில் முக்கியமானவை சில:

- கழுத்தெலும்பு முறிவு.
- மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவு.
- முகத்தின் நடு எலும்புகள் பலமாக உடைந்திருத்தல்.
- கழுத்து இறுகிய காயம்.
- கழுத்தில் பெரிதாகிக்கொண்டே போகும் வீக்கம்.
- மூளை ஸ்கேனில் தெரிவதற்கும் நோயாளியின் நிலைக்கும் பொருத்தம் இல்லாமல் இருப்பது. உதாரணமாக, தலை சி.டி. நார்மல், ஆனால் ஒரு கை தூக்க வரவில்லை.

நெஞ்சைப் பொறுத்தவரை, விபத்து எப்படி நடந்தது என்பதே பெரிய துப்பு. எவ்வளவு வேகம், தூக்கி வீசப்பட்டாரா, ஸ்டியரிங் வளைந்திருந்ததா, எத்தனை மாடி உயரம், பக்கத்தில் இருந்தவர் இறந்துவிட்டாரா? ஆம்புலன்ஸ் ஊழியரும் உறவினரும் சொல்லும் இந்தத் தகவல்தான் பல நேரங்களில் டாக்டரை ஸ்கேனுக்கு எழுதவைக்கிறது.

சிகிச்சை: முதலில் கத்தி அல்ல, பி.பி. மருந்து

பெருந்தமனி கிழிந்திருக்கிறது என்றால் உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடணும் என்றுதான் நினைப்போம். சுவர் முழுவதும் கிழிந்தவருக்கு அது சரி. ரத்தம் இன்னும் அடங்கி நிற்பவருக்கு, முதல் சிகிச்சை பி.பி.யையும் இதயத்துடிப்பையும் குறைப்பது.

காரணம் எளிது. ஒவ்வொரு துடிப்பும் கிழிந்த சுவரில் ஓர் அடி. அடியின் வேகத்தைக் குறைத்தால் வெடிக்கும் ஆபத்து குறையும். அதனால் ஊசி வழியாக மருந்து செலுத்தி, மேல் பி.பி.யைப் பொதுவாக 120-க்குக் கீழேயும், நாடித்துடிப்பை 100-க்குக் கீழேயும் வைக்கப் பார்ப்பார்கள். இந்த நேரத்தில் மூளை, கல்லீரல் போன்ற வேறு அவசரக் காயங்களை முதலில் கவனிக்க முடியும்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. தலையிலும் பலத்த அடி என்றால், மூளைக்குப் போதுமான ரத்தம் போக பி.பி. குறையக் கூடாது. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல். இந்த இடத்தில்தான் பல துறை டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் நிலைக் காயம் என்றால் பெரும்பாலும் மருந்தும் மறு ஸ்கேனுமே போதும். பலருக்குத் தானாகவே ஆறிவிடுகிறது. இரண்டாம் நிலையில் ஆளைப் பொறுத்து முடிவெடுப்பார்கள். மூன்றாம், நான்காம் நிலைக்குக் குழாயைச் சரிசெய்தே ஆகணும்.

முன்பு இதற்கு ஒரே வழி: இடது விலாப்பக்கத்தைத் திறந்து, பெருந்தமனியைக் கவ்வி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து, செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பது. ரத்த ஓட்டம் நிற்கும் நேரத்தில் தண்டுவடம் பட்டினி கிடக்கும். அதனால் உயிர் பிழைத்தும் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் இருந்தார்கள்.

இப்போது பெரும்பாலும் செய்வது ‘டெவார்’. தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக, மடக்கிய குடை போல ஒரு துணி மூடிய ஸ்டென்டை உள்ளே அனுப்பி, கிழிந்த இடத்தில் விரிப்பார்கள். ரத்தம் ஸ்டென்டுக்குள் போகும். கிழிந்த சுவருக்கு ஓய்வு கிடைக்கும். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன அதே இரு ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். 1997 ஆய்வில் எல்லாருக்கும் திறந்த அறுவை சிகிச்சைதான். 2008 ஆய்வில் சுமார் 65 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட். இறப்பு 22 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகவும், சிகிச்சையால் கால்கள் செயலிழப்பது 8.7 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகவும் குறைந்தது. பத்தே வருடத்தில் இந்த மாற்றம்.

கழுத்துத் தமனிக்கு என்ன சிகிச்சை?

இங்கே கதாநாயகன் சாதாரண மாத்திரை. கழுத்தில் ரத்தக்கட்டி உருவாவதுதான் பிரச்னை என்பதால், அதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது ஹெப்பாரின் ஊசிதான் முதல் சிகிச்சை. ஸ்ட்ரோக் வருவதற்கு முன்பே தொடங்கினால், ஸ்ட்ரோக் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

ஆனால் விபத்து நோயாளிக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பது லேசான முடிவு இல்லை. தலைக்குள் ரத்தக்கசிவு இருக்கலாம், மண்ணீரல் கிழிந்திருக்கலாம். அதனால் எந்த மருந்து, எப்போது என்பதை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்துதான் முடிவு செய்வார். இந்த மருந்தை வீட்டில் நாமாகக் கொடுக்கவே கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

பொதுவாக 7 முதல் 10 நாளில் மறுபடியும் ஸ்கேன் எடுப்பார்கள். சிறு கிழிசல் ஆறியிருந்தால் மருந்தை நிறுத்தலாம். ஆறாவிட்டால் மாதக்கணக்கில் தொடரும். பலூன் போலப் பிதுங்கியது பெரிதாகிக்கொண்டே போனால் சிலருக்கு ஸ்டென்ட் தேவைப்படும். குழாய் முழுவதும் அறுந்து ரத்தம் கொட்டினால் உடனடி அறுவை சிகிச்சை.

சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் சி.டி. இல்லையென்றால்?

சந்தேகம் வந்தாலே மேல் மருத்துவமனைக்கு மாற்றுவதுதான் சரி. மாற்றும்போது கழுத்து அசையாமல் பட்டை போட்டு, பி.பி.யைக் கட்டுக்குள் வைத்து, எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறோமோ அங்கே முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும்.

‘பணத்துக்கு எங்கே போவது’ என்று தயங்கும் குடும்பங்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் போதும். அடிபட்டவர் வெளி மாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும்.

அதே போல, அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலையணுமோ என்ற பயமும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

விபத்து நடந்த இடத்தில்:

- 108-க்கு அழையுங்கள். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப்போடுவதைத் தவிருங்கள்.
- தலையையும் கழுத்தையும் உடம்பையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருங்கள்.
- தலைக்கவசத்தைப் பிடுங்காதீர்கள். மூச்சு அடைத்தால் மட்டும், ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மெதுவாகக் கழற்றுங்கள்.
- சோடா, தண்ணீர், டீ எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம்.

மருத்துவமனையில்:

- விபத்து நடந்த விதத்தை விடாமல் சொல்லுங்கள். ‘லேசா விழுந்துட்டான்’ என்று சுருக்கிவிடாதீர்கள். செல்போனில் வாகனத்தின் படம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.
- நெஞ்சிலோ கழுத்திலோ சீட் பெல்ட் தடம் பதிந்திருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.
- ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு:

- கழுத்து பிடித்துக்கொண்டது போல இருக்கிறது என்று சுளுக்கு எடுக்க, எண்ணெய் போட்டு உருவ, நெட்டி முறிக்கப் போகாதீர்கள். அடிபடாதவர்களுக்கே கழுத்தைத் திடீரென்று முறுக்குவதால் தமனி கிழிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே கிழிசல் இருக்கும் கழுத்தில் இது விபரீதம்.
- ஒரு பக்கக் கழுத்து வலி, இதுவரை வராத மாதிரி தலைவலி, ஒரு கண் இமை தொங்குவது, இரு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, கை கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ‘காலையில பாத்துக்கலாம்’ வேண்டாம்.
- நெஞ்சு வலி, முதுகு வலி, மூச்சுத்திணறல், மயக்கம், குரல் மாற்றம் என்றாலும் அப்படித்தான். விபத்து நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும் அதை டாக்டரிடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

சீட் பெல்ட் தடம் பதிக்கும் என்றால் போடாமல் இருப்பது நல்லதா?

இல்லவே இல்லை. பெல்ட் தடம் பதிந்தவர் உயிரோடு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். பெல்ட் இல்லாதவர் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ முன்சீட்டிலோ மோதி நிற்கிறார். அந்தத் திடீர் நிறுத்தம்தான் பெருந்தமனியைக் கிழிக்கிறது. பெல்ட் அந்த விசையை உடம்பில் பரப்பி, நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கிறது. ஏர்பேக் இருக்கே என்பதும் பதில் இல்லை. பெல்ட் போட்டிருந்தால்தான் ஏர்பேக் முழுப் பலன் தரும்.

போடும் விதம் முக்கியம். பெல்ட் கழுத்தை உரசாமல், தோள்பட்டை எலும்பின் நடுவிலும் மார்பின் குறுக்கேயும் வர வேண்டும். உயரத்துக்கு ஏற்ப மேலே கீழே நகர்த்தும் வசதி பல கார்களில் இருக்கிறது. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் பெல்ட் கழுத்தில்தான் படும்; அவர்களுக்குத் தனி இருக்கை தேவை. பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் பெல்ட் கட்டாயம்.

இருசக்கர வாகனத்தில், தலைக்கவசம் போட்டால் கழுத்து உடையும் என்றொரு பேச்சு உண்டு. ஆய்வுகள் அதற்கு ஆதரவு தரவில்லை. தலையைக் காப்பாற்றுவதில் அதற்கு மாற்று இல்லை. துப்பட்டா, புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு உட்காருவது கழுத்தைக் காக்கும் சின்னப் பழக்கம்.

குணமான பிறகு பழையபடி வாழ முடியுமா?

பெரும்பாலானவர்களால் முடியும். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கணும். இளம் வயதில் வைத்த ஸ்டென்ட் பல பத்தாண்டுகள் உடம்போடு இருக்கப்போகிறது. அது நகராமல், கசியாமல் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேறு வழி இல்லை. கழுத்துத் தமனிக்காக மாத்திரை சாப்பிடுபவர்கள், வலி போய்விட்டது என்று அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. வலி போவதும் குழாய் ஆறுவதும் ஒன்றல்ல. நிறுத்தலாமா என்பதை ஸ்கேன்தான் சொல்லணும்.

விபத்தில் அடிபட்ட ஒருவர் எழுந்து நின்று பேசுகிறார் என்றால் அது நல்ல செய்திதான். உள்ளே ஏதாவது கிழிந்திருந்தால், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரம் கிடைத்திருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. அந்த நேரத்தில் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தூங்கவைக்காமல், டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததை முழுசா சொல்லுங்கள்.